கெம்பஸை விட்டு விலகினால் கட்டிய பணம் போய்விட்டதா? பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியான மறுவாரமே திகன, தெல்தெனிய, குண்டசாலை, மெனிக்ஹின்ன பகுதிகளிலுள்ள எமது வீடுகளுக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "இந்த வெள்ளிக்கிழமைக்குள் பதிந்தால் கட்டணத்தில் கழிவு இருக்கின்றது", "இன்னும் சில இடங்கள்தான் மீதி" என்று தனியார் கெம்பஸ்களின் ஆலோசகர்கள் அன்பாகப் பேசுவார்கள். பிள்ளை சும்மா இருக்கக் கூடாது என்ற தவிப்பில் வாப்பா கடையின் முதலிலிருந்து எடுத்துக் கொடுப்பார். உம்மா நகையை அடகு வைப்பார். பதிவுக் கட்டணமும் முதல் தவணையும் கட்டி, நாலைந்து தாள்களில் கையொப்பமும் வைத்துவிடுவார்கள்.

சில மாதங்கள் கழித்து நிலைமை மாறுகின்றது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெட்டுப்புள்ளிகளை வெளியிடும்போது பிள்ளைக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிடும். அல்லது பாடம் பிள்ளைக்கு ஒத்துவராது. அல்லது வீட்டில் ஒருவர் நோயுற்று உழைப்பு நின்றுவிடும். பிள்ளை விலகுகின்றது. அதன் பின்னர்தான் பிரச்சினை ஆரம்பிக்கின்றது. கட்டிய பணத்தில் ஒரு சதமும் திரும்பாது என்கிறது நிறுவனம். சில இடங்களில் அதற்கும் மேலே போய், முழுக் கற்கைநெறிக்குமான மிகுதிக் கட்டணத்தையும் கட்டுமாறு சட்டத்தரணி மூலம் கடிதம் வருகின்றது.

இந்த இடத்தில் எமது பெற்றோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "போனது போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். அல்லது கடிதத்தைக் கண்டு பயந்து, கடன் வாங்கியாவது கேட்ட தொகையைக் கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே அவசியமில்லை. சட்டம் என்ன சொல்கின்றது, எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டால் பல பிணக்குகளை ஓர் எழுத்துமூலக் கடிதத்தோடு தீர்த்துக்கொள்ளலாம்.

முதலில் நிறுவனம் எந்த வகை என்று பாருங்கள்

இலங்கையில் "கெம்பஸ்" என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் பல வகை நிறுவனங்கள் இருக்கின்றன.

முதலாவது வகை, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ், பட்டம் வழங்கும் நிறுவனமாக வர்த்தமானி மூலம் அங்கீகரிக்கப்பட்டவை. இவை உயர்கல்வி அமைச்சின் கண்காணிப்புக்கு உட்பட்டவை. இரண்டாவது வகை, டிப்ளோமா மற்றும் தொழிற்பயிற்சிகளை நடத்துபவை. இவை 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். மூன்றாவது வகை, கம்பனிச் சட்டத்தின் கீழ் சாதாரண கம்பனியாகப் பதிந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் பட்டத்தை இங்கு கற்பிப்பவை.

எங்கே முறையிடுவது என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கின்றது. முதல் இரண்டு வகைகளிலும் உங்கள் கடிதத்தின் பிரதியை அமைச்சுக்கோ ஆணைக்குழுவுக்கோ அனுப்ப முடியும். மூன்றாவது வகையில், பட்டம் வழங்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் மாணவர் முறைப்பாட்டுப் பிரிவும் உங்களுக்கு ஒரு வாசலாகும். இங்கிலாந்துப் பல்கலைக்கழகமொன்றில் பிள்ளை பதிவு செய்யப்பட்டிருந்தால், அந்தப் பல்கலைக்கழகத்தின் உள்ளக முறைப்பாட்டு நடைமுறை முடிந்த பின்னர், சில சந்தர்ப்பங்களில் அங்குள்ள சுயாதீன மாணவர் முறைப்பாட்டு அலுவலகம் வரை செல்லலாம்.

கையொப்பமிட்ட தாள் என்ன சொல்கின்றது?

"கட்டிய பணம் திரும்பத் தரப்படமாட்டாது" என்று பற்றுச்சீட்டின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பதைக் காட்டி நிறுவனம் உங்களைத் திருப்பி அனுப்பும். அந்த வரி முக்கியமானதுதான். ஆனால் அது எப்போது உங்களுக்குக் காட்டப்பட்டது என்பது அதைவிட முக்கியமானது. பணம் கட்டுவதற்கு முன்னர் நீங்கள் வாசித்துக் கையொப்பமிட்ட விண்ணப்பத்தில் அது இருந்தால் அது ஒப்பந்தத்தின் பகுதி. பணம் கட்டிய பிறகு கையில் தந்த பற்றுச்சீட்டில் மட்டும் இருந்தால், அது ஒப்பந்தத்துக்குள் வரவில்லை என்று வாதிட இடமுண்டு.

எனவே முதலில் ஆவணங்களை ஒன்று சேருங்கள்: விண்ணப்பப் படிவம், அனுமதிக் கடிதம், கட்டண அட்டவணை, மாணவர் கையேடு, வங்கி ஸ்லிப்புகள், விளம்பரத் துண்டுப்பிரசுரம், ஆலோசகருடன் நடந்த வட்ஸ்அப் உரையாடல். இவற்றில் நான்கு விடயங்களைத் தேடுங்கள். விலகுவதற்கு எத்தனை நாள் அறிவித்தல் வேண்டும்? மீளளிப்புக்கு அட்டவணை இருக்கின்றதா? நீங்கள் ஒப்புக்கொண்டது ஒரு செமஸ்டர் கட்டணத்தையா, முழுக் கற்கைநெறிக் கட்டணத்தையா? பெற்றோர் பிணையாளராகக் கையொப்பமிட்டிருக்கிறார்களா?

கடைசி இரண்டும் பலருக்குத் தெரியாமலே நடந்துவிடுகின்றன. "தவணைமுறையில் கட்டலாம்" என்று சொல்வதும், "ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனித்தனியாகக் கட்டணம்" என்று சொல்வதும் கேட்க ஒன்றுபோல இருக்கும். சட்டத்தில் இரண்டும் வேறு. முதலாவதில் முழுத்தொகையும் உங்கள் கடனாக இருந்து, அதைப் பிரித்துக் கட்டுகிறீர்கள். இரண்டாவதில் படிக்கும் செமஸ்டருக்கு மட்டுமே கடமைப்படுகிறீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணமாக, மூன்று வருடக் கற்கைநெறி ஒன்றின் கட்டணம் 900,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஆறு செமஸ்டர்கள், ஒன்றுக்கு 150,000 ரூபா. பதிவுக் கட்டணம் 25,000 ரூபா தனி. பெற்றோர் முதலில் 175,000 ரூபா கட்டுகிறார்கள். 15 வார செமஸ்டரில் பிள்ளை 3 வாரம் மட்டும் சென்றுவிட்டு விலகுகின்றது.

நிறுவனம் மிகுதி 750,000 ரூபாவையும் கேட்கின்றது என்றால் அதன் அர்த்தம் என்ன? கற்பிக்காத ஐந்து செமஸ்டர்களுக்கும் சேர்த்துக் கூலி கேட்கின்றது. ஒப்பந்தத்தை மீறியவர் ஈடுசெய்ய வேண்டியது மறுதரப்புக்கு உண்மையில் ஏற்பட்ட நட்டத்தைத்தான் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பொதுவான கோட்பாடு. நட்டமடைந்தவரும் அந்த நட்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். அந்த ஆசனத்துக்கு வேறொரு மாணவர் சேர்க்கப்பட்டுவிட்டாரா? அடுத்த செமஸ்டர்களில் இந்தப் பிள்ளைக்காக நிறுவனம் ஏதாவது செலவிட்டதா? இந்தக் கேள்விகளை எழுத்தில் கேட்கும்போதே 750,000 ரூபாக் கோரிக்கையின் பலம் குறைந்துவிடுகின்றது.

கட்டிய பணத்தில் எவ்வளவு கேட்கலாம்? 3 வாரம் என்பது செமஸ்டரின் ஐந்தில் ஒரு பங்கு. 150,000 ரூபாவில் அது 30,000 ரூபா. அதைக் கழித்தால் 120,000 ரூபா. இதிலிருந்து நிறுவனம் உண்மையில் செலவழித்ததைக் கழிக்க அதற்கு நியாயம் இருக்கின்றது. உதாரணமாக வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையின் பெயரில் அனுப்பிய பதிவுப் பணம். ஆனால் "அனுப்பிவிட்டோம்" என்ற வாய்ச்சொல் போதாது, ஆதாரத்தைக் கேளுங்கள். 2022ல் டொலரின் பெறுமதி 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தபோது, வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டிய இந்தப் பகுதிதான் பல குடும்பங்களின் முதுகை ஒடித்தது. எந்தத் தொகை ரூபாவில், எந்தத் தொகை பவுண்ஸில் என்பதை ஆரம்பத்திலேயே பிரித்து எழுதி வாங்குவது அவசியம்.

பதிவுக் கட்டணமான 25,000 ரூபாவைத் திரும்பக் கேட்பது பெரும்பாலும் வெற்றியளிக்காது. முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தால் அதை விட்டுக்கொடுத்துவிட்டு, பெரிய தொகையில் கவனம் செலுத்துவது புத்திசாலித்தனம்.

அயல்நாட்டில் எப்படி?

இந்தியாவில் இதற்கு ஒரு வரையறை வந்திருக்கின்றது. அங்குள்ள பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஒக்டோபரில் வெளியிட்ட அறிவித்தலின்படி, சேர்க்கைக்கான இறுதித் திகதிக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் 100 சதவீதம் திரும்பும். நிர்வாகச் செலவாக 5 சதவீதம் வரை, அதுவும் 5,000 இந்திய ரூபாவுக்கு மேற்படாமல் கழிக்கலாம். 15 நாட்களுக்குக் குறைவாக இருக்கும்போது விலகினால் 90 சதவீதம். இறுதித் திகதி கடந்து 15 நாட்களுக்குள் 80 சதவீதம். 15 முதல் 30 நாட்களுக்குள் 50 சதவீதம். 30 நாட்களுக்குப் பின்னர் எதுவுமில்லை. மாணவரின் மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருக்கவும் கூடாது.

அதற்கும் முன்னர், 2003 ஓகஸ்ட் 14ஆம் திகதி, கர்நாடகாவின் இஸ்லாமிக் அகடமி ஒஃப் எடியுகேஷன் என்ற நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், இந்திய உயர் நீதிமன்றத்தின் 5 நீதியரசர்கள் கொண்ட ஆயம் முக்கியமானதொரு விடயத்தைச் சொன்னது. தனியார் தொழில்சார் கல்லூரிகள் ஒரு தடவையில் ஒரு வருடத்துக்கோ ஒரு செமஸ்டருக்கோ உரிய கட்டணத்தை மட்டுமே அறவிடலாம். மாணவர் இடையில் விலகிவிடுவார் என்ற பயமிருந்தால், மிகுதிக்குப் பிணைமுறியோ வங்கி உத்தரவாதமோ கேட்கலாம். முழுப்பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளக் கூடாது. மாணவரின் நலனும் நிறுவனத்தின் நலனும் இரண்டுமே அதில் கவனிக்கப்பட்டிருக்கின்றன.

அவுஸ்திரேலியாவில் ஒவ்வொரு பாட அலகுக்கும் கணக்கெடுப்புத் திகதி என்று ஒரு நாள் உண்டு. அந்த நாளுக்கு முன்னர் விலகும் உள்நாட்டு மாணவர் அந்த அலகுக்குக் கட்டணக் கடமைப்படுவதில்லை. இங்கிலாந்தில் அரச கல்விக் கடனில் படிப்பவருக்காகப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் பணம் முதல் தவணையில் 25 சதவீதம், இரண்டாவதில் 25, மூன்றாவதில் 50 என்று பிரித்தே கொடுக்கப்படுகின்றது.

இந்த விதிகள் இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. எமது நாட்டில் தனியார் நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவான இப்படியொரு மீளளிப்பு அட்டவணை சட்டத்தில் இல்லை. ஆயினும் "உலகத்தில் எங்குமே விலகினால் பணம் தருவதில்லை" என்று சொல்பவருக்கு இவை நல்ல பதில். அதிலும் வெளிநாட்டுப் பட்டத்தை விற்கும் நிறுவனத்திடம், "உங்கள் தாய்ப் பல்கலைக்கழகம் தன் நாட்டு மாணவர்களுக்கு எந்த விதியைப் பின்பற்றுகின்றது?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

இலங்கைச் சட்டத்தில் எமக்கு உள்ள வழிகள்

1. எழுத்துமூல அறிவித்தல். வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடுவது விலகுவதாகாது. நிறுவனத்தின் பதிவேட்டில் பிள்ளை இன்னும் மாணவராகவே இருப்பார். கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். தீர்மானித்த அன்றே மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். பெயர், மாணவர் இலக்கம், கற்கைநெறி, கடைசியாக வகுப்புக்குச் சென்ற திகதி, கட்டிய தொகை, கேட்கும் தொகை, கணக்கு, பதில் தர வேண்டிய திகதி ஆகியவை ஒரு பக்கத்துக்குள் இருந்தால் போதும். காரணம் நோய் என்றால் வைத்திய அறிக்கையையும், அரச பல்கலைக்கழக அனுமதி என்றால் அந்தக் கடிதத்தையும் இணையுங்கள்.

2. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், வர்த்தக நடவடிக்கையில் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதும் சேவை பற்றிப் பொய்யான கூற்றுகளைச் சொல்வதும் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. "இந்தப் பட்டம் அங்கீகரிக்கப்பட்டது", "எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திரும்பப் பெறலாம்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டுப் பின்னர் மறுத்தால் இந்த வழி பொருத்தமானது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று மாத கால எல்லையும் உண்டு. துரித இலக்கம் 1977. பிள்ளை தானாக மனம் மாறி விலகியிருந்தால் மட்டும் இந்த வழியில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

3. மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த பணப் பிணக்குகள் முதலில் இங்கேதான் செல்ல வேண்டும். இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் ஏற்காது. தொகை எல்லை காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால் பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணிகள் ஆஜராக முடியாத இடம் இது. திகனயில் ஒரு கடைக்காரரும் கண்டி நகரின் பெரிய நிறுவனமொன்றும் ஒரே மேசையில் சமமாக உட்கார்ந்து பேச முடிவது இங்கே மட்டும்தான்.

4. நீதிமன்றம். எழுத்துமூல ஒப்பந்தத்தில் வழக்குத் தொடரக் கால எல்லை ஆறு வருடங்கள். வாய்மூல ஒப்பந்தத்தில் மூன்று. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் உங்கள் விடயத்துக்குப் பொருந்துமா என்பதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி அலுவலகத்தை நாடலாம்.

கோரிக்கைக் கடிதம் வந்தால்

சட்டத்தரணியின் தலைப்புத்தாளில் வரும் கடிதம் நீதிமன்றக் கட்டளையல்ல. அதனால் உங்கள் வீட்டுக்கோ கடைக்கோ எவரும் உடனே வந்துவிட முடியாது. ஆனால் அதை அலுமாரிக்குள் போட்டுப் பூட்டுவதும் தவறு. வியாபாரக் கடிதங்களுக்குப் பதிலளிக்காமல் இருப்பதை ஒப்புதலாகக் கருதலாம் என்ற நிலைப்பாட்டை எமது நீதிமன்றங்கள் எடுத்திருக்கின்றன. ஆகவே, "இந்தத் தொகையை நாம் மறுக்கின்றோம், காரணம் இவை" என்று குறித்த திகதிக்குள் சுருக்கமாகப் பதில் அனுப்புங்கள். வாய்மூலம் "கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடுகிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். அது முழுக்கடனையும் ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

வங்கிக் கடனோ கிரெடிட் கார்ட் தவணையோ எடுத்துக் கட்டியிருந்தால் இன்னுமொரு எச்சரிக்கை. நிறுவனத்தோடு உள்ள பிணக்கு வேறு, வங்கியோடு உள்ள கடன் வேறு. நிறுவனம் பணத்தைத் தரவில்லை என்பதற்காக வங்கித் தவணையை நிறுத்தினால் கடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயர் பதிவாகும். நாளை வியாபாரத்துக்குக் கடன் வசதி கேட்கும்போது தடையாக நிற்கும். 2017 முதல் நடைமுறையிலுள்ள அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடனில் சேர்ந்தவர்களும், விலகுவதற்கு முன்னர் அந்தக் கடன் உடன்படிக்கையை வாசித்துவிட்டு வங்கியுடன் பேச வேண்டும்.

நிறுவனம் நடத்தும் எமது சகோதரர்களுக்கு

தனியார் கல்வி நிறுவனங்களை நடத்துபவர்களில் எமது சமூகத்தவரும் இருக்கிறார்கள். அவர்களுடைய பக்கத்திலும் நியாயம் உண்டு. முப்பது பேரை நம்பி விரிவுரையாளரை அமர்த்திய பின்னர் பத்துப் பேர் விலகினால் வகுப்பை நடத்த முடியாது. வெட்டுப்புள்ளி வரும்வரை "பார்க்கலாம்" என்று இரண்டு மூன்று இடங்களில் பதிந்து வைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள்.

ஆயினும் மார்க்கம் இதில் மௌனமாக இல்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு சூரதுல் பகராவின் 282ஆவது வசனம் ஏவுகின்றது. முன்பணத்தை வாங்கி, மறுதரப்பு விலகினால் அதை வைத்துக்கொள்ளும் 'உர்பூன்' முறையை ஹன்பலி மத்ஹபு அனுமதித்தாலும், நாம் அதிகம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபு உட்பட ஏனைய மத்ஹபுகள் ஏற்கவில்லை. 1993ல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, காத்திருக்கும் காலம் வரையறுக்கப்பட்டிருந்தால் அது ஆகும் எனத் தீர்மானித்தது. அந்த முன்பணத்துக்கே இவ்வளவு கவனம் என்றால், கற்பிக்காத ஐந்து செமஸ்டர்களுக்குப் பணம் கேட்பதைப் பற்றி உலமாக்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கக் கூடாதா? செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து விலக விரும்புபவரைப் பெருந்தன்மையோடு விடுவிப்பதன் சிறப்பையும் ஹதீஸ்கள் எமக்குச் சொல்லியிருக்கின்றன.

தெளிவான மீளளிப்பு அட்டவணையொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிடும் நிறுவனம் எதையும் இழக்காது. பெற்றோரின் நம்பிக்கையைத்தான் சம்பாதிக்கும்.

ஊரில் நாம் செய்யக்கூடியது

2018 மார்ச்சில் திகனயில் எரிந்த கடைகளை எமது மக்கள் திரும்பவும் கட்டியெழுப்பியது இலேசாக அல்ல. அந்தக் கடைகளின் வருமானத்திலிருந்துதான் இன்று பிள்ளைகளின் கட்டணம் போகின்றது. அதில் ஒரு இலட்சமாவது வீணாகப் போவது ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு.

ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் பெறுபேறு வெளியாகும் காலத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்கு, ஊரிலுள்ள சட்டத்தரணி ஒருவரையும் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் இருவரையும் மஃரிபுக்குப் பின்னர் உட்காரச் செய்யலாம். பணம் கட்டுவதற்கு முன்னர் பெற்றோர் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து காட்டட்டும். ஸகாத் நிதியிலிருந்தும் புலமைப்பரிசில் நிதியிலிருந்தும் கட்டணம் செலுத்துபவர்கள், முழுத்தொகையையும் ஒரே தடவையில் கொடுக்காமல் செமஸ்டர் வாரியாக நேரடியாக நிறுவனத்துக்கே கட்ட வேண்டும். மாணவர் விலகினால் மிகுதி அந்த நிதிக்கே திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குவதும் அவசியம். அது ஏழைகளின் உரிமையுள்ள பணம்.

பெற்றோருக்கு இறுதியாக ஒரு வார்த்தை. ஒரு கற்கைநெறியை விட்டு விலகுவது குற்றமல்ல. பிள்ளையைக் குறைசொல்லிக் குத்திக்காட்டுவதற்கான காரணமும் அல்ல. தனக்கு ஒத்துவராத பாடத்தில் மூன்று வருடங்களை வீணாக்குவதைவிட மூன்றாவது வாரத்தில் விலகுவது எவ்வளவோ மேல். பணத்தைப் பற்றி நிறுவனத்தோடு பேசுங்கள். பிள்ளையோடு அடுத்த வழியைப் பற்றிப் பேசுங்கள். கட்டணத்துக்குப் பயந்து விலகும் தீர்மானத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் நீங்கள் கேட்கக்கூடிய தொகை குறைந்துகொண்டே போகும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.